கவாத்தைக் கேட்டு நாள் குறி

திருவாமாத்தூர்

அன்புள்ள கதிரவனுக்கு, பெரியப்பா எழுதுவது.

தீபாவளி விடுமுறையில் நண்பர்களோடு கம்பம் பள்ளத்தாக்குக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். இடம் சரி, நாள்தான் சரியில்லை. நமக்கு எப்போது லீவு என்று பார்த்து நாள் குறிப்பது கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஒத்துவரும். தோட்டத்துக்குப் போகிறவன் கொடியை வெட்டிவிடும் கவாத்து எப்போது நடந்தது என்று கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் அறுப்புக்கு வரும். முந்திப் போனால் பச்சைக் காய், பிந்திப் போனால் வெறும் கொடி. பிடுங்கி முடித்த மல்லாட்டைக் கொல்லையை வேடிக்கை பார்க்க யாராவது விழுப்புரத்துக்கு ரயிலேறி வருவார்களா?

"கம்பத்தில் வருஷம் முழுக்கப் பழம் உண்டாமே" என்பாய். உண்மைதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையே அதுதான். ஆனால் ஒரே கொடி வருஷம் முழுக்கக் காய்ப்பதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாக வைப்பதால் எங்காவது ஓரிடத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கிறது. சுருளிப்பட்டியில் ஒரு பந்தலில் குலைகள் கறுத்துத் தொங்கும்போது பக்கத்துப் பந்தல் அப்போதுதான் தளிர் விட்டிருக்கும். அதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், அழுகும். அடிச்சாம்பல் நோய் பரவும், மருந்தடிப்பும் கூடும். அந்த நெருக்கடியில் இருக்கிற விவசாயி உங்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மருந்தடித்த பந்தலில் பறித்து வாயில் போடுவதும் கூடாது.

மழை பெய்தால்தான் சுருளி அருவியில் தண்ணீர் கொட்டும் என்று உன் நண்பர்கள் வாதாடலாம். அருவிதான் முக்கியம் என்றால் தாராளமாக மழையிலேயே போங்கள், திராட்சையை மறந்துவிடுங்கள். இரண்டும் ஒரே பயணத்தில் முழுதாகக் கிடைக்காது. பிப்ரவரியில் அருவி மெலிந்திருக்கும். ஆனால் வானம் தெளிந்து மலை துலக்கமாகத் தெரியும், பந்தலுக்கடியில் சேறில்லாமல் நடக்கலாம். என் கட்சி பிப்ரவரிதான்.

ஒயின் ருசி பார்க்கும் ஆசையும் உங்களில் சிலருக்கு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குரிய ஊர் மகாராஷ்டிரத்தின் நாசிக். அங்கே சூலா போன்ற ஆலைகள் சுற்றிக் காட்டுவதையும் ஒரு தொழிலாகவே நடத்துகின்றன, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்காகக் கம்பத்தில் பிரான்ஸைத் தேடாதே. இங்கே விளைவது பெரும்பாலும் அப்படியே தின்கிற பழம். கூலியாட்கள் குலை வெட்டிப் பெட்டியில் அடுக்குவதும் வியாபாரி விலை பேசுவதும்தான் இங்கே காட்சி. விதையில்லாத் திராட்சையும் பார்க்க வேண்டுமானால் ஓடைப்பட்டிப் பக்கம் போகலாம். அதே நாளில் தேக்கடி, மேகமலை என்று அடுக்காதே; வண்டிக்குள் உட்கார்ந்தே பொழுது போய்விடும்.

விழுப்புரத்தில் மதுரை ரயில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினால் வத்தலக்குண்டு, தேனி வழியாகக் கம்பத்துக்குப் பேருந்தில் போகலாம். அதற்கு முன் ஒரு வேலை: ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போன் போட்டு, பிப்ரவரியில் எந்த ஊர்ப்பக்கம் அறுப்பு வரும் என்று விசாரி. பதில் வந்த பிறகு டிக்கெட் எடு.

அன்புடன்,
பெரியப்பா