எட்டாம் நம்பர் வீட்டைப் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள்; போடவில்லை. உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் எட்டாம் நம்பர் வீட்டை ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்குப் பேசியிருக்கிறது. நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்ட பத்து இளைஞர்கள் அங்கே தங்கப் போகிறார்கள். குடியிருப்போர் சங்கம் கலெக்டரிடம் மனு கொடுக்க இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்குப் போட வேண்டாம் என்பது என் பதில்.

பேத்தி டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் அந்த வாசலைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ‘அவர்களும் மனிதர்கள்தானே’ என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயப்படுகிறவருக்குத் தேவை உபதேசம் அல்ல, விவரம். அதனால் யார் வருகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘ஜெயில் கைதிகள் வருகிறார்கள்’ என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது தவறான தகவல். பரோலில் வருகிறவர் தண்டனைக் காலத்துக்கு நடுவே சில நாள் வெளியே வந்துவிட்டுத் திரும்புகிறவர். ஜாமீனில் இருப்பவருக்கு வழக்கே முடிந்திருக்காது. எட்டாம் நம்பர் வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டிலும் சேராதவர்கள். குற்றம் நிரூபணமானபிறகு, சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று நீதிபதி முடிவு செய்து, ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டவர்கள். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், நான்காம் பிரிவில் இதற்கு வழி செய்கிறது. இந்த விஷயத்தில் நம் ஊருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. மத்தியச் சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1936-இல், இதற்கெனத் தனிச் சட்டம் செய்துகொண்ட மாகாணங்களில் சென்னையும் ஒன்று.

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்துக்கு நான்காம் பிரிவு பொருந்தாது. ஆகவே கொலை செய்தவரோ, வன்புணர்ச்சிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரோ இந்த வழியில் உங்கள் தெருவுக்கு வர முடியாது. பத்திரத்தின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. எங்கே தங்க வேண்டும், குடிக்கக் கூடாது என்றெல்லாம் நீதிமன்றம் நிபந்தனை போடலாம். மீறினால் திரும்ப அழைத்து அந்தப் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். வருகிற பையன்களின் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

இனி, உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அதே நான்காம் பிரிவில் ஒரு வரம்புரை இருக்கிறது. குற்றவாளிக்கோ அவருக்குப் பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ நிரந்தரமான தொழிலோ இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டாலொழிய, இப்படி விடுவிக்கக் கூடாது. படிக்கும்போது சாதாரண வாசகமாகத்தான் தெரியும். நடைமுறையில் அது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே மாதிரித் திருட்டுக்காக இரண்டு பையன்கள் நீதிபதி முன் நிற்கிறார்கள். ஒருவனுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், வீட்டு முகவரி இருக்கிறது, மாமா ஒருவர் பிணை நிற்க வந்திருக்கிறார். மற்றவனின் அம்மா இறந்துவிட்டார், அப்பா இன்னொரு குடும்பத்தோடு போய்விட்டார், அவன் தூங்குவது பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில். முதலாமவன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாமவனை அப்படி விட நான்காம் பிரிவில் வழி இல்லை; அநேகமாக அவன் சிறைக்குத்தான் போவான். அவன் செய்த குற்றம் பெரிது என்பதால் அல்ல. இரவில் போய்ப் படுக்க அவனுக்கு ஒரு கூரை இல்லை என்பதால்.

இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்தால், காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று இதே சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. அவ்வளவு தயக்கம் காட்டும் சட்டம், வீடில்லாதவன் விஷயத்தில் மட்டும் கைகட்டி நிற்கிறது. எட்டாம் நம்பர் வீடு அந்த இடத்தை நிரப்புவதற்காகத்தான் வருகிறது. நீதிபதி ‘எங்கே தங்குவான்?’ என்று கேட்கும்போது ‘இங்கே தங்குவான்’ என்று சொல்ல ஒரு முகவரி. உங்கள் சங்கத்தின் மனு அந்த முகவரியைத்தான் அழிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு தெருவும் இதே மனுவைக் கொடுத்தால், ஏழைப் பையனைப் பொறுத்தவரை அந்தச் சட்டமே இல்லை என்று ஆகிவிடும்.

சென்ற ஆண்டு இன்னொரு ஊரில் இப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு பெரிய அறைகள், சுவரோரமாகத் தகரப் பெட்டிகள், கொடியில் காயும் லுங்கிகள். வாசல் பக்கத்து ஜன்னல் திட்டில் ஒரு நீளமான நோட்டு, நூலில் கட்டிய பேனா. போகும்போதும் வரும்போதும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரவு எட்டரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வேலை முடிந்து வந்தான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வந்ததும் வராததுமாக அந்த வாரக் கூலியை எண்ணி வீட்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்தான். அவர் ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்குக்கு எழுதிக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அவன் மேல் இருந்தது லோடு ஆட்டோவில் பேட்டரி கழற்றிய வழக்கு. ‘மொதல்ல அப்பப்ப அந்தக் கூட்டாளிங்க போன் பண்ணுவானுங்க. இங்க இருக்கேன்னு சொன்னா வெச்சிருவானுங்க’ என்றான். ஒரு முகவரியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அங்கே எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். ஒரு பையன் கூடத் தங்கியிருந்தவனின் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பொறுப்பாளர் அன்றிரவே நன்னடத்தை அலுவலருக்குத் தகவல் சொல்லிவிட்டார். நீதிமன்றம் வாரண்ட் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவர் கொடுத்த புகார்கள் என்னென்ன என்று கேட்டேன். மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் அவர் சுவரில் வழிவது, ராத்திரி வாசலில் நின்று போனில் சத்தமாகப் பேசுவது. எந்தத் தெருவிலும் எந்த வாடகைக்காரர் மேலும் வரக்கூடிய புகார்கள்தான்.

‘ஊருக்கு வெளியே எங்காவது வைக்கட்டுமே’ என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் கேட்பதுதான். அந்த மெக்கானிக் பையனை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டும். ஊருக்கு வெளியே என்றால் இரண்டு பஸ். கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போகும். இரவு கடைசி பஸ்ஸை விட்டால் எங்கே தங்குவான்? பழைய கூட்டாளியின் அறையில்தான். நன்னடத்தை அலுவலர் திடீரென்று வந்து பார்ப்பதும் தூரம் கூடினால் குறைந்துவிடும். யாரும் பார்க்காத இடத்தில் இருப்பவனைவிட, நாலு பேர் கண்ணில் படும் தெருவில் இருப்பவன் உங்களுக்கும் பாதுகாப்பானவன்.

நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற இந்த வேலையைத் தொடங்கிவைத்தவரே, இப்படிப்பட்டவர்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர்தான். அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்று செருப்புத் தொழில் செய்த ஒருவர். 1841-இல், குடிகாரர் என்ற குற்றச்சாட்டில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். சில வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்து வந்து நின்றபோது நீதிபதி பெயருக்கு ஒரு சென்ட் அபராதம் போட்டு விட்டுவிட்டார். 1859-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு அகஸ்டஸ் இப்படிப் பொறுப்பேற்றார். பலரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார்.

உங்கள் தெருவின் எதிர்ப்பு உலகத்தில் இல்லாத அதிசயமும் அல்ல. சிறையிலிருந்து முன்கூட்டி விடப்படுகிறவர்கள் தங்கி வேலை தேட, ஜப்பான் அரசு தானே சில விடுதிகளைத் திறக்க முனைந்தது. கிடாக்யூஷூவில் 2009-இல் திறந்தது. ஃபுகுஷிமாவில் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று மக்கள் எதிர்த்ததால் இழுபறியாகி 2010-இல்தான் திறக்க முடிந்தது. கியோட்டோவில் திறக்கவே முடியவில்லை. அதே ஜப்பானில், சம்பளம் வாங்காமல் நன்னடத்தைக் கண்காணிப்பு வேலை செய்யும் சாதாரணக் குடிமக்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். கண்காணிப்பில் இருப்பவரைத் தங்கள் வீட்டுக்கே வரவழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவது அவர்கள் வழக்கம். 2024 மே மாதம் ஓட்சு நகரில் அப்படிப்பட்ட ஒருவர், தான் பொறுப்பேற்றிருந்த ஆளாலேயே கொல்லப்பட்டார். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு எழுதுவது நேர்மை ஆகாது. அதற்குப் பிறகு ஜப்பான் அந்த முறையைக் கைவிடவில்லை. தனியாக வீட்டில் சந்திப்பதற்குப் பதிலாகப் பொது இடங்களை ஏற்படுத்துவது, ஒருவருக்குப் பதில் ஒன்றுக்கு மேற்பட்டவர் பொறுப்பேற்பது என்று யோசிக்கத் தொடங்கியது. ஆபத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்டது. உங்கள் சங்கமும் அதைத்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

வீட்டு விலை குறையும் என்று உங்கள் மருமகன் சொல்வதையும் நான் அற்பமாக நினைக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு வீட்டில் முடங்கிக் கிடப்பவர்கள்தான் உங்கள் தெருவில் அதிகம். ஆனால் அந்தக் கவலைக்கும் மருந்து, வீடு ஒழுங்காக நடப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தொண்டு நிறுவனத்தாரையும், உங்கள் பகுதி நன்னடத்தை அலுவலரையும் வரச் சொல்லுங்கள். யாருடைய பெயரையும் அவர் செய்த குற்றத்தையும் கேட்காதீர்கள். அதைச் சொல்வது சரியல்ல. எப்படிப்பட்ட வழக்குள்ளவர்களைச் சேர்ப்பீர்கள், எப்படிப்பட்டவர்களைச் சேர்க்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சீண்டிய வழக்கு சட்டத்தில் சிறியதாக இருந்தாலும் அப்படிப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். இரவில் பொறுப்பான ஒருவர் வீட்டிலேயே தங்குவாரா, நடு இரவில் கூப்பிட்டால் எடுக்கும் போன் நம்பர் எது, பத்துப் பேர் பதினைந்து ஆகாமல் இருக்க என்ன உத்தரவாதம், அலுவலர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார் என்று கேளுங்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேர் மாதம் ஒருமுறை போய், நான் சொன்னது போன்ற கையெழுத்து நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதில் ஒருவராக நீங்கள் இருந்தால் நல்லது. உங்களைப் போல முப்பது வருடம் வகுப்பில் பையன்களை மேய்த்த டீச்சரின் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம்.

பதில்களை வாயால் வாங்காதீர்கள், எழுதி வாங்குங்கள். மனு அதுவரை காத்திருக்கட்டும். எழுதித் தர அவர்கள் மறுத்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள். கையெழுத்துப் போடுங்கள் என்று அப்போது நானே சொல்வேன்.

அன்புடன்.