செல்லும் கரண்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

தமிழ்வழி பயின்று கல்லூரிக்கு வந்த நம்மில் பலர், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறோம். எல்லாச் சொற்களும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஆய்வகத்தில் நாள்தோறும் புழங்கும் ‘செல்’, ‘கரண்ட்’ என்னும் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மேசைமேல் இரண்டும் சேர்ந்தே இருந்தாலும் பிறப்பால் இவற்றுக்குள் உறவில்லை.

இலத்தீனில் ‘செல்லா’ என்றால் சிற்றறை. (தமிழில் செல் என்றால் கரையான், அது வேறு கதை.) துறவி தங்கும் அறையும், சிறைக் கொட்டடியும் ஆங்கிலத்தில் செல்தான். இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அறை அறையாகத் தெரிந்தவற்றுக்கு இப்பெயரை இட்டு 1665-இல் நூலாக வெளியிட்டார். தாவரவியல் மாணவர் எழுதும் செல் அது. நம்முடையதோ மின்கலம். தமிழில் அறையை விட்டுக் கலத்தை எடுத்திருக்கிறார்கள். அமிலத்தை ஊற்றி வைப்பது கலத்தில்தானே! சட்டைப்பையிலுள்ள செல்லுக்கு அப்பெயர் மின்கலத்தால் வந்ததன்று. ஊரைச் சிறு சிறு பரப்புகளாகப் பிரித்துக் கோபுரம் நட்டு, அப்பரப்பைச் செல் என்றனர்.

‘கரண்ட்’ ஓடுவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆற்றின் நீரோட்டமும் கம்பியின் மின்னோட்டமும் கரண்ட். வங்கியின் கரண்ட் அக்கவுண்ட் மட்டும் நடப்புக் கணக்கு. அங்கே ஓடுவது நம்மிடம் வந்து நடக்கிறது!

‘கரண்ட் போய்விட்டது’ என்கிறோம்; ஆங்கிலேயர் அவ்விடத்தில் ‘பவர்’ என்பர். இதை வெறும் சொல் வேறுபாடு என்று தள்ள என்னால் இயலவில்லை. சுவிட்சைப் போட்டும் பிளக்கில் எதையும் செருகாதபோது, இயற்பியல்படி அங்கே கரண்ட் இல்லை. சுற்று மூடாததால் ஓட்டமில்லை. ஆனால் 230 வோல்ட் மின்னழுத்தம் காத்திருக்கிறது. விரல் பட்டால் உடல் வழியே தரைக்குச் சுற்று மூடிக்கொள்ளும். அப்போதுதான் ஓட்டம் பிறக்கும். மழையில் அறுந்து தொங்கும் கம்பியும் அவ்வாறே. தெருவிளக்கு எரியவில்லை, ஆகவே கம்பியில் கரண்ட் இல்லை என்று துணிந்து அருகே போவோர் எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் உண்டு. ‘கரண்ட் அடித்தது’ என்ற வழக்கு மட்டும் அறிவியலுக்கு முற்றும் ஒத்தது. உடலில் பாய்ந்தது ஓட்டமேதான்.

டார்ச் விளக்கு மங்கினால் ‘செல்லில் கரண்ட் தீர்ந்துவிட்டது’ என்பார் என் தாயார். கடையில் அடுக்கியிருக்கும் புதிய செல்லிலும் கரண்ட் ஓடுவதில்லை. எரிந்து எரிந்து தீர்ந்தது உள்ளிருக்கும் துத்தநாகம் முதலிய பொருள்களே.