உணவும் உடலுழைப்பும் புற்றுநோயும்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலர் குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். "எல்லாம் விதி" என்று பெரியவர்கள் பெருமூச்செறிகின்றனர். வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை என்பது உண்மையே. ஆயினும், புற்றுநோய்களில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை தடுக்கக் கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. புகையிலைதான் இதில் முதல் எதிரி. அடுத்து வருபவற்றுள் உணவும் உடலுழைப்பும் உண்டு.

நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. ஓர் உயிரணுவின் மரபுப் பொருளில் பிழைகள் சேரச் சேர, அது கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். பதினைந்து வயதில் நமக்கு ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கும் தோழியருக்கு இதுவே விடை.

ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய் மிகுதி. பெருங்குடல் புற்றுநோய் குறைவாக இருந்தது. அங்கிருந்து ஹவாய்த் தீவுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் முன்னது குறைந்து, பின்னது கூடியது. இரத்தம் அதேதான், வாழ்க்கை முறையும் சமையலும் மாறிவிட்டன அன்றோ!

நம் வீட்டிற்கு வருவோம். "புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையோ, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது. இதைச் சொல்லிப் பாட்டிமாரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் இம்மலரே நிரம்பிவிடும்! பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் அப்படித்தான். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்னும் நச்சு வறுத்தாலும் முழுவதும் அழியாது, கல்லீரலைத் தாக்கும். கசக்கும் கடலையை விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதை அறிஞர்கள் கண்டனர். கேரட், பப்பாளி போன்றவற்றிலுள்ள பீட்டா கரோட்டின்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணினர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு அதையே மாத்திரையாக ஆண்டுக்கணக்கில் கொடுத்தனர். 1994இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்திவிட்டனர். கீரைக்காரம்மாவின் கூடையில் இருப்பதை மாத்திரைப் புட்டியில் அடைக்க முடியவில்லை எனலாம்.

கேழ்வரகு, கம்பு, சுண்டல், கீரை இவற்றிலுள்ள நார்ச்சத்து கழிவைக் குடலில் தங்கவிடாமல் விரைவில் வெளியேற்றுகிறது. பதப்படுத்திய இறைச்சியோ நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டுகிறது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. (இங்கும் அதே 18!) நூறு பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. முன்பே உள்ள சிறு வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது என்பதே பொருள். விழுக்காட்டுக் கணக்கை இப்படியும் படிக்கலாம்.

இனி உடலுழைப்பு. மாதவிடாய் நின்ற பெண்களின் உடற்கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பை உண்டாக்குகிறது. அது மிகுந்தால் மார்பகத்திலும் கருப்பையிலும் புற்றுநோய் வாய்ப்பு கூடும். ஓடியாடி உழைப்பவர்களுக்கு எடை கட்டுக்குள் இருக்கும், இரத்தத்தில் இன்சுலினும் மிகாது. நம் வயதினர் நாள்தோறும் 60 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நமக்கோ "வயதுக்கு வந்த பெண்ணுக்கு விளையாட்டு என்ன?" என்ற கேள்விதான் கிடைக்கிறது.

நல்ல உணவு உண்டு நன்றாக உழைத்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆகவே நோயுற்றவரிடம் போய், "என்ன தின்றாய்?" என்று கேட்பது கொடுமை.

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடவேளையாக மாறிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அடுத்த ஆண்டு வரும் தங்கையருக்காக வாரத்தில் இரண்டு பாடவேளையாவது விட்டுத்தர வேண்டித் தலைமைச் சகோதரிக்கு விண்ணப்பம் எழுதியுள்ளோம். அதில் 41 கையெழுத்துகள் உள்ளன.