யாருக்கு எந்தச் சாவி?

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று அலுவலகங்களில் விற்பனை, கையிருப்பு, சம்பளம், வருகைப் பதிவு ஆகியவற்றைப் படங்களாகவும் பட்டியல்களாகவும் காட்டும் மென்பொருளோடு வேலை செய்கிறார்கள். சொந்தத் தொழில் நடத்தும் நம் உறுப்பினர்கள் சிலரும் இதை வாங்கி வைத்திருக்கிறார்கள். அறிக்கை தயாரிப்பது எப்படி என்று சொல்லித்தர வகுப்புகள் ஏராளம். ஆனால் அந்த அறிக்கையை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று தீர்மானிக்கும் பகுதியைப் பொறுமையாகச் சொல்லித் தருபவர்கள் குறைவு. "அதையெல்லாம் கம்ப்யூட்டர் ஆள் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். விளைவு என்ன? கிளையில் பில் போடும் பையன் தலைமை அலுவலகத்துச் சம்பளப் பட்டியலைப் பார்க்கிறான். வேலையை விட்டுப் போனவர் ஆறு மாதம் கழித்தும் கணக்கைத் திறக்கிறார். ஏதாவது வெளியே கசிந்தால் சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் பழி விழுகிறது. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பாடமாகப் பார்ப்போம்.

அடிப்படை விதிகள் இரண்டு

வீட்டு வேலைக்கு வருபவரிடம் வாசற்கதவுச் சாவியைக் கொடுக்கிறோம். பீரோ சாவியைக் கொடுப்பதில்லை. அவர் மேல் சந்தேகம் என்பதல்ல. அவருடைய வேலைக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். கணிப்பொறித் துறையில் இதைத் தெளிவான விதியாக எழுதியவர்கள் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள். 1975ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஒருவருடைய வேலை முடிவதற்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவு மட்டுமே தரவேண்டும் என்பது ஒரு முக்கிய விதி.

இரண்டாவது விதி 1992இல் வந்தது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும், அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுக்கும் முறையை விளக்கினார்கள். கிளை மேலாளர் என்ற நாற்காலிக்கு இன்னின்ன அனுமதி என்று முதலில் எழுதிவிட வேண்டும். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவருக்கு அது சேரும். எழுந்து போனால் போய்விடும். ஆங்கிலத்தில் ரோல் என்று சொல்வது இந்த நாற்காலியைத்தான்.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு நிலையத்தின் சிக்னல்களையும் பாயிண்டுகளையும் கட்டுப்படுத்தும் ரிலே அறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் ஊழியரிடம். ரிலேயைப் பற்றித் தெரிந்தவர், ரயில் எங்கே வருகிறது என்பது தெரிந்தவருக்குத் தெரியாமல் உள்ளே போக முடியாது. சாவி எடுத்த நேரமும் திரும்பக் கொடுத்த நேரமும் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். மாற்றலாகிப் போகிறவர் சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பொறுப்புக்கு ஏற்ற சாவி, பிரித்துக் கொடுத்த அதிகாரம், எழுதி வைத்த பதிவு, திரும்ப வாங்குதல் என்ற இந்த நான்கும் கணிப்பொறிக்கும் அப்படியே பொருந்தும்.

நான்கு நாற்காலிகள்

இப்போது ஓர் உதாரணம். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்று. தலைமை அலுவலகம் நாக்பூரில். போபால், ராய்ப்பூர், ஜபல்பூரில் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பவர் பிஐ மென்பொருளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். இதில் அறிக்கைகளை ஒர்க்ஸ்பேஸ் என்ற பொது இடத்தில் வைப்பார்கள். அந்த இடத்துக்குள் நான்கு வகைப் பொறுப்புகள் உள்ளன.

1. வியூவர்: அறிக்கையைப் பார்க்கலாம். மாதம், பொருள் என்று தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது.

2. கான்ட்ரிபியூட்டர்: அறிக்கைகளைத் தயாரிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். புதிய ஆட்களை உள்ளே சேர்க்க முடியாது.

3. மெம்பர்: மேற்சொன்னவற்றோடு, தமக்குச் சமமான அல்லது கீழான பொறுப்பில் ஆட்களைச் சேர்க்கலாம், அறிக்கையைப் பிறருக்குப் பகிரலாம்.

4. அட்மின்: எல்லாம் செய்யலாம். இன்னோர் அட்மினைச் சேர்க்கலாம், நீக்கலாம், ஒர்க்ஸ்பேஸையே அழிக்கலாம்.

ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்றுக்கு வியூவர், மற்றொன்றுக்கு மெம்பர் என்று கொடுத்திருந்தால், இரண்டில் பெரியதுதான் அவருக்குச் செல்லும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிகளை வடிகட்டுதல்

போபால் மேலாளர் போபால் கணக்கை மட்டும் பார்க்க வேண்டும். அதற்காகக் கிளைக்கு ஓர் அறிக்கை என்று தனித்தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை. ரோ லெவல் செக்யூரிட்டி என்ற வசதி இருக்கிறது. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் மேனேஜ் ரோல்ஸ் என்ற இடத்தில், "கிளை என்ற பத்தியில் போபால் என்று இருக்கும் வரிகள் மட்டும்" என்று ஒரு விதி எழுத வேண்டும். அறிக்கையை வெளியிட்ட பிறகு, தகவல் தொகுப்பின் செக்யூரிட்டி பக்கத்தில் அந்த விதிக்கு உரியவர்களின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்க வேண்டும். முன்பு டேட்டாசெட் என்று சொன்ன இந்தத் தொகுப்புக்கு 2023 முதல் செமான்டிக் மாடல் என்று பெயர்.

கிளைகள் நிறைய இருந்தால் கிளைக்கு ஒரு விதி எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை. எந்த முகவரிக்கு எந்தக் கிளை என்று ஒரு சிறு அட்டவணை வைத்துக்கொண்டு, உள்ளே வருபவரின் முகவரியைச் சொல்லும் யூசர்பிரின்சிபல்நேம் என்ற கட்டளையைக் கொண்டு ஒரே விதியில் முடித்துவிடலாம். மேலாளர் மாறினால் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

மரியாதைக்குக் கொடுக்கும் பதவி

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான இடம் இதுதான். மேற்சொன்ன வடிகட்டி வியூவருக்கு மட்டுமே வேலை செய்யும். அதே ஒர்க்ஸ்பேஸில் அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் ஆகிய மூவருக்கும் அது பொருந்தாது. அவர்கள் எல்லா வரிகளையும் பார்ப்பார்கள். அறிக்கையைத் தயாரிப்பவருக்கு முழுத் தகவலும் தெரிய வேண்டும் என்பது அதன் காரணம்.

நம் அலுவலகங்களில் என்ன நடக்கிறது? போபால் மேலாளர் 20 வருட அனுபவம் உள்ளவர். "அவரை வெறும் பார்வையாளராகவா போடுவது, நன்றாக இருக்காதே" என்று யாரோ நினைத்து மெம்பராகப் போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடமே வடிகட்டி போய்விட்டது. மூன்று கிளைகளின் கணக்கும் அவர் திரையில் வந்துவிடும். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. இவற்றைப் பட்டங்களாக எண்ணக்கூடாது. எந்தக் கதவு திறக்கும் என்பதற்கான அடையாளங்கள் மட்டுமே. நிறுவன முதலாளியேகூட அறிக்கையைப் பார்க்க மட்டும் செய்கிறார் என்றால் வியூவராக இருப்பதில் குறைவு ஒன்றுமில்லை. எல்லாக் கிளைகளையும் அவர் பார்க்கும்படி விதி எழுதிக்கொள்ளலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். ஒருவர் இரண்டு வடிகட்டி விதிகளில் இருந்தால் இரண்டின் வரிகளும் கூடித் தெரியும். போபாலிலிருந்து ராய்ப்பூருக்கு மாற்றலான மேலாளரைப் புதிய விதியில் சேர்த்துவிட்டுப் பழையதிலிருந்து நீக்க மறந்தால், அவர் இரண்டு ஊர்க் கணக்கையும் பார்ப்பார்.

எந்த விதியிலும் சேர்க்கப்படாத வியூவருக்கு ஒன்றும் தெரியாது. உடனே போன் வரும்: "சார், எனக்கு அறிக்கை வரவில்லை." ஆனால் கூடுதலாகத் தெரிகிறவரிடமிருந்து போன் வராது. குறைந்த அனுமதி தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். மிகுந்த அனுமதியை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே வெளியிடும் முன் வியூ ஆஸ் என்ற பொத்தானை அழுத்தி, அந்த மேலாளரின் கண்ணால் அறிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கவாட்டுக் கதவுகள்

ஒரு பத்தியை ஹைட் செய்து மறைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு. அது திரையை நெருக்கடியில்லாமல் வைப்பதற்கான வசதியே. உண்மையிலேயே ஒரு பத்தியைத் தடுக்க வேண்டுமானால் அதற்கு ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டி என்று தனி வசதி இருக்கிறது. அதைவிட எளிது, சம்பள விவரத்தை அந்தத் தொகுப்பில் சேர்க்காமலே இருப்பது.

பில்ட் என்றொரு அனுமதி உண்டு. அதைப் பெற்றவர் அந்தத் தகவலை வைத்து, எக்ஸெல் மூலமாகவும், தம் விருப்பப்படி புதிய பட்டியல்களை உருவாக்கலாம். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கக்கூடாது. கோப்பாக வெளியே எடுத்த பிறகு நம் வடிகட்டி அந்தக் கோப்பைத் தொடர்ந்து போகாது.

பப்ளிஷ் டு வெப் என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதன்வழி வெளியிட்ட அறிக்கையை உலகில் எவரும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம். அலுவலக அறிக்கைக்கு அதைப் பயன்படுத்த இடமே கொடுக்காதபடி மொத்த நிறுவனத்துக்கும் நிறுத்தி வைக்க முடியும்.

பெயரை நீக்கி, சராசரி மட்டும் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிரிவில் 5 பேர். சராசரிச் சம்பளம் 40,000 ரூபாய். மொத்தம் 2,00,000. புதிதாக ஒருவர் சேர்கிறார். அடுத்த மாத அறிக்கையில் 6 பேர், சராசரி 42,000. மொத்தம் 2,52,000. கழித்துப் பார்த்தால் புதியவரின் சம்பளம் 52,000 என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். சிறிய குழுவின் சராசரி ஒரு மெல்லிய திரைதான். மைக்ரோசாஃப்டின் ப்ராடக்டிவிட்டி ஸ்கோர் என்ற வசதி, தனித்தனி ஊழியர் எவ்வளவு நாள் மின்னஞ்சலும் கூட்டங்களும் பயன்படுத்தினார் என்று பெயரோடு மேலாளருக்குக் காட்டியதால் 2020 நவம்பரில் கடும் கண்டனம் எழுந்தது. டிசம்பரில் அந்நிறுவனம் பெயர்களை நீக்கியது. பார்க்க முடிகிறது என்பதால் பார்க்கலாம் என்று ஆகிவிடாது என்பதற்கு அது உதாரணம்.

நம் உதாரண நிறுவனத்துக்கு ஒரு திட்டம்

அட்மின்: இருவர். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் விடுப்பில் போனபோது வேலை நிற்கும். ஐந்து பேர் இருந்தால் யார் எதைச் செய்தார் என்பது குழம்பும்.

அறிக்கை தயாரிக்கும் ஊழியர்: கான்ட்ரிபியூட்டர். இவர் எல்லாக் கிளைகளையும் பார்ப்பார் என்பது தெரிந்தே கொடுப்பது.

முதலாளி, கிளை மேலாளர்கள்: வியூவர், வடிகட்டியோடு.

தணிக்கையாளர்: வியூவர், தணிக்கை முடியும் தேதி வரை மட்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

சம்பள அறிக்கை: தனி ஒர்க்ஸ்பேஸ். விற்பனை அறிக்கையோடு கலக்கவே கூடாது.

ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்க்காமல், "கிளை மேலாளர்கள்" என்று ஒரு குழு அமைத்து அந்தக் குழுவுக்கு அனுமதி கொடுங்கள். அறிக்கைகளைத் தனி ஒருவரின் மை ஒர்க்ஸ்பேஸில் வைக்கவிடாதீர்கள். அவர் போகும்போது அவற்றின் கதி என்ன என்ற கேள்வி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை அச்சடித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இன்னும் தேவையா?" என்று கேட்டுக் குறியிடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அவருடைய கடைசி நாளிலேயே மூட வேண்டும். கணக்குத் தீர்க்கும் படிவத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் மறக்காது.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் மேலதிகாரி, "உன் பாஸ்வேர்டைக் கொடு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்பார். மறுப்பது சங்கடந்தான். ஆனால் யார் எந்த அறிக்கையைத் திறந்தார், எதை வெளியே எடுத்தார் என்பதை மென்பொருள் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. அந்தப் பதிவில் இருக்கும் பெயர் உங்களுடையது. "சார், உங்கள் பெயருக்கே அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அதுவே அவருக்கும் நல்லது.

தேவைக்கு மேல் அனுமதி உங்களுக்கு வந்திருப்பது தெரிந்தால் ஒரு மின்னஞ்சல் எழுதித் தெரிவித்துவிடுங்கள். பிற்பாடு விசாரணை வந்தால் அந்த ஒரு வரி உங்களைக் காக்கும்.

சட்டமும் இப்போது இதைப் பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசியாமல் தக்க பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள், அனுமதிக் கட்டுப்பாட்டையும் பதிவுகளை வைத்திருப்பதையும் அத்தகைய பாதுகாப்பு நடவடிக்கைகளில் சேர்த்திருக்கின்றன. சிறு நிறுவனம் நடத்தும் நம் உறுப்பினர்களும் இதைக் கவனிப்பது நல்லது.

இந்தக் கட்டுரையைப் படித்ததும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்து ஒர்க்ஸ்பேஸைத் திறந்து, அட்மின், மெம்பர் ஆகிய இரண்டு தலைப்புகளின் கீழ் உள்ள பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களில் யார் அறிக்கையைப் பார்க்க மட்டும் செய்கிறார்கள் என்று அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்ட பெயர்களை வியூவருக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.