சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: நான் ஜிஎன்எம் படித்துப் பதிவு செய்த நர்ஸ். 30 படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் 9,000 ரூபாய். நைட் டியூட்டி 12 மணி நேரம். 20 நோயாளிகளுக்கு நானும் பயிற்சி இல்லாத ஒரு பெண்ணும்தான். இந்தச் சம்பளத்துக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அசல் சான்றிதழ்களும் அவர்களிடமே இருக்கின்றன. ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: உண்டு. முதலில் அந்தச் சம்மதக் கடிதத்தை நினைத்துப் பயப்படுவதை விடுங்கள். சட்டப்படி சேர வேண்டிய கூலியை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தந்தாலும் அது செல்லாது.

தமிழ்நாட்டில் மருத்துவமனை, நர்சிங் ஹோம் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. அதனுடன் சேரும் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் மாறும். இந்த ஆண்டின் தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, உங்கள் 9,000 ரூபாயோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஓவர்டைம். பலரும் இதைக் கேட்பதே இல்லை. வழக்கமான வேலை நேரம் எட்டு மணி. அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. தினம் நான்கு மணி கூடுதல் என்றால் 26 நாளில் 104 மணி. இரட்டிப்பாக்கினால் 208 மணி நேரக் கூலி. உங்கள் முழு மாத வேலையே (26 நாள், எட்டு மணி) 208 மணிதான்! உணவு இடைவேளையைக் கழித்தாலும், மாதாமாதம் இன்னொரு சம்பளத்துக்குப் பக்கமாக உங்களுக்குப் பாக்கி நிற்கிறது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால் இரண்டாவது நர்ஸை வேலைக்கு வைப்பதே நிர்வாகத்துக்கு லாபம். ஆள் பற்றாக்குறைக்கு நான் அறிந்த நல்ல மருந்து இதுதான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுக்குள் மனு செய்யலாம். முன்பு ஆறு மாதம்தான். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் தரும்படி விசாரிக்கும் அதிகாரி உத்தரவிடலாம். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் தொடங்குங்கள். எல்லா நர்ஸுகளும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தனியாகப் போனால்தான் மிரட்டல் வரும். டியூட்டி பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். நோயாளிகளின் கேஸ் ஷீட்டை மட்டும் படம் எடுக்காதீர்கள்.

2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுப்படி அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரைதான், அதைக் காட்டி இன்று வழக்கில் வசூலிக்க முடியாது. எனக்கு இது பெரிய வருத்தம்.

எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதிலும் சட்டம் பலவீனம்தான். ஆனாலும் பயிற்சி இல்லாதவரை வார்டில் நிறுத்துவது பற்றி மாவட்ட மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் செய்யலாம். தகுதியற்ற நர்ஸ் போட்ட ஊசியால் ஒரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்ட வழக்கில், மருத்துவமனையே பொறுப்பு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், தனியாக விடப்படும் ஒவ்வொரு இரவும் நோயாளி எண்ணிக்கையைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது ஆனால் பழி உங்கள் தலையில் மட்டும் விழாது.

சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ், பிறகு போலீஸ் புகார். கூலி மனுவுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.