வீட்டில் ஏறும் ஓதமும் நுரையீரல் நலமும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் நுரையீரல் புறநோயாளர் பிரிவில் ஒரே வினா பலமுறை எழுகிறது: "டாக்டர், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் கருவி விற்கிறார்களாமே, அதை வாங்கி வைத்தால் அப்பாவுக்கு இளைப்பு குறையுமா?" கேட்பவர்களில் பலர் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழ்பவர்கள். கருவியின் விலையோ பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மருந்துச் செலவையும் வாடகையையும் ஒன்றாகக் கணக்கிடும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று. ஆகவே இவ்வினாவுக்கு விரிவாக விடை கூற விரும்புகிறோம்.

ஈரம் மூச்சை எவ்வாறு வருத்துகிறது?

ஈரம் தானே நோய் அன்று. நோய்க்குக் காரணமானவற்றை அது வளர்க்கிறது. முதலாவது, பூஞ்சணம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிடில் அதில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதன் நுண்வித்துகள் காற்றில் மிதந்து மூச்சுக்குழலைச் சேரும்போது தும்மல், இருமல், இளைப்பு உண்டாகின்றன. இரண்டாவது, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள். இவை நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சி வாழ்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்திற்குக் கீழ் நீடித்தால் அவை வற்றி மடியும்.

ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் பிற மூச்சுத் தொல்லைகளும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டு நூல் கூறுகிறது. காசநோய் குணமான பின் நுரையீரலில் குழி எஞ்சியவர்களுக்கு மற்றோர் இடரும் உண்டு: அக்குழிக்குள் பூஞ்சணம் குடியேறிச் சளியில் இரத்தம் வரச் செய்யலாம்.

நம் பகுதியில் ஈரம் எங்கிருந்து வருகிறது?

சமையலறை உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு நீர்விட்டுக் கசிகிறது. கடற்காற்று பல்லாண்டுகளாக உப்பைப் படியவைத்த சுவரிலும் இதுவே நிகழ்கிறது. குழாய்க் கசிவு இல்லாமலே மழைக்காலத்தில் சுவர் வியர்ப்பதும், உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதும் இதனால்தான். அதன்மேல் பளபளப்பான பெயிண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வேறோர் இடத்தில் வெளிப்படும். பழுதான பூச்சைச் செதுக்கி எடுத்துச் சுவரை உலரவிட்ட பின்பே மறுபூச்சு இட வேண்டும்.

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையில் வடசென்னையின் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து எர்ணாவூர் முதலிய இடங்களில் வீடுகளைக் கறையாக்கியது. வெள்ளம் வடிந்துவிட்டால் வீடு உலர்ந்துவிட்டது என்று கருதலாகாது. செங்கல்லும் சிமெண்டும் நுண்துளைகள் உடையவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் அவற்றில் மேலேறும். அது முழுதும் வெளியேற மாதக்கணக்கில் ஆகும்.

எஞ்சிய ஈரத்தை நாமே உண்டாக்குகிறோம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக வெளிவருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லிட்டருக்கு மேல் நீர் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும். சோறு வடிக்கும் ஆவியும், வெந்நீர்க் குளியலும், அறைக்குள் கொடியில் காயும் துணியும் இதற்கு மேல்.

செலவில்லாத முதற்படிகள்

கருவி வாங்கும் முன் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. குளியலறைக் குழாய், மாடித் தளம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் கசிவை முதலில் அடையுங்கள். கசிவு இருக்கும்வரை எக்கருவியும் பயன் தராது.

2. நோயாளி உறங்கும் அறையில் துணி உலர்த்தாதீர்கள். சமைக்கும்போதும் குளித்த பின்பும் எக்ஸாஸ்ட் விசிறியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். விசிறி இல்லையெனில் அவ்வறையின் சன்னலைத் திறந்து, நோயாளி இருக்கும் அறைக் கதவைச் சாத்துங்கள்.

3. மழையற்ற நாளில், முற்பகல் வெயில் ஏறிய பின், கடற்காற்று வீசத் தொடங்கும் முன் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மெத்தை, தலையணைகளை அப்போதே வெயிலில் காயவையுங்கள். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள்.

4. சுவரிலும் ஓட்டிலும் படிந்த பூஞ்சணத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். இதைச் செய்பவர் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். நோயாளி அவ்வேளையில் வீட்டில் இருக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். வெள்ளத்தில் ஊறி இரண்டு நாட்களுக்குள் உலராத பஞ்சு மெத்தையை அகற்றிவிடுவதே நலம்.

கருவி யாருக்கு உதவும்?

குளிர்ந்த மோர் நிரம்பிய டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாகத் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரநீக்கிக் கருவியும் அவ்வாறே இயங்குகிறது. குளிர்ந்த உலோகச் சுருளின்மீது காற்றைச் செலுத்தி, திரளும் நீரைத் தொட்டியில் சேர்க்கிறது. ஏசி எந்திரமும் இதையே செய்கிறது. ஆனால் ஏசி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஈரநீக்கியோ அதை அறைக்குள்ளேயே விடுகிறது. ஆகவே ஏசி உள்ள வீட்டினர் அதன் 'ட்ரை' நிலையை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஒரு கணக்கைக் கூறுகிறோம். பத்தடி நீளம், அகலம், உயரம் கொண்ட மூடிய அறையில் 30 டிகிரி வெப்பநிலையில் ஈரப்பதத்தை 80 சதவீதத்திலிருந்து 55 ஆகக் குறைக்க, காற்றிலிருந்து நீக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் மட்டுமே. சன்னல் திறந்திருந்து, மணிக்கு ஐந்து முறை வெளிக்காற்று அறையை நிரப்பினால், மணிக்கு ஒரு லிட்டர் நீரை நீக்க வேண்டிவரும். அது கடலை இறைப்பதற்கு ஒப்பாகும். கருவி பயன் தர வேண்டுமாயின் அறை மூடியிருக்க வேண்டும்.

மூடிய அறையே சிலருக்குத் தீங்காகும் என்பதைத்தான் நாங்கள் முதன்மையாக வலியுறுத்துகிறோம். காசநோய் உள்ளவரோ, இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவரோ வீட்டில் இருந்தால் சன்னல்களை மூடி ஈரநீக்கியை இயக்காதீர்கள். கிருமியை வெளியேற்றும் காற்றோட்டமே அங்கு குடும்பத்தினருக்குப் பாதுகாப்பு. அடுப்பெரியும் ஒற்றை அறை வீட்டிலும் சமையல் வேளையில் அறையை மூடலாகாது. கோடையில் இக்கருவி அறையின் வெப்பத்தை மேலும் கூட்டும் என்பதால், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துங்கள்.

மாறாக, தூசி உண்ணி அல்லது பூஞ்சண ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட ஆஸ்துமா நோயாளிக்குத் தனிப் படுக்கையறை இருந்து, கசிவை அடைத்த பின்னும் ஈரம் குறையாவிடில், இக்கருவி உதவக்கூடும். ஆயினும் ஈரத்தைக் குறைப்பது மருந்துக்கு மாற்றாகாது. இளைப்பு குறைந்துவிட்டதென்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அறையில் வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்திற்குக் கீழ், இயன்றால் 50-ஐ ஒட்டி இருப்பது போதும். கடலோரத்தில் அதற்கும் கீழே கொண்டுவர முயல்வது மின்கட்டணத்தையே உயர்த்தும். அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் அலமாரிக்கு மட்டுமே போதுமானவை. அவற்றில் சேரும் திரவம் தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கருவியின் தொட்டியை நாள்தோறும் காலி செய்து கழுவுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வடிகட்டியை உற்பத்தியாளர் கூறியபடி தூய்மை செய்யுங்கள். தொட்டி நீர் தெளிவாகத் தோன்றுவதால் அதைக் காய்ச்சி வடித்த நீர் என எண்ணிவிடாதீர்கள். அதில் தூசியும் கிருமியும் கலந்திருக்கும். அதை நெபுலைசரிலோ, ஆக்சிஜன் எந்திரத்தின் நீர்க்குப்பியிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஆக்சிஜன் செறிவூட்டியையும் ஈரநீக்கியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவும் வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் ஓதம் ஏறிய சுவரையும் நோயாளி படுக்கும் இடத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். வெளியூர் சென்றால் இருமல் குறைந்து, வீடு திரும்பியதும் கூடுகிறதா என்பதையும் குறித்து வாருங்கள். இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ, அதை மழைக்கால ஈரத்தின்மேல் பழிபோட்டுக் காத்திராமல் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். அரசு மருத்துவ நிலையங்களில் காசநோய்ப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சளியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். படங்களையும் குறிப்பையும் பார்த்த பின்பு, உங்கள் வீட்டுக்குக் கருவி வேண்டுமா, கொத்தனார் வேண்டுமா என்பதை உங்களோடு சேர்ந்து முடிவு செய்கிறோம்.