பந்தல் நிழலில் வளர்ந்த நாற்றும் வெயிலும்

மிளகாய் நாற்றுமேடைக்குக் கிடுகுப் பந்தலிட்டு, நாற்றுக்களைப் பேணி வளர்த்து, நடுகைக்கு முதல்நாளிலேயே பந்தலைப் பிரிப்போர் உளர். நட்ட சில நாட்களில் இலைகள் வெளிறித் திட்டுத்திட்டாகக் காயும். நோயென எண்ணி மருந்து தெளித்தல் வீண் செலவாகும். கெட்டது, இலையினுள் ஒளியை ஏற்கும் அமைப்பே.

இலையின் கலங்களிற் பச்சையவுருமணிகள் உள. ஓர் உருமணியின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் 200இல் ஒரு பங்காகும். அதனுள் மென்சவ்வுகள் தட்டையான பைகளாகி, தோசைகளை அடுக்கினாற்போல் ஒன்றன்மேலொன்றாய் அமைந்திருக்கும். இவ்வடுக்கு மணியுரு எனப்படும். அடுக்குக்களை இணைக்கும் தனிச் சவ்வுகளும் உண்டு. பச்சையம் இச்சவ்வுகளிலேயே பதிந்துள்ளது. ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கும் தொகுதி பெரும்பாலும் அடுக்கினுள்ளேயே இருக்கும்.

நிழலில் விரிந்த இலை, கிடைக்கும் சிற்றொளியையும் தவறவிடாதவாறு அடுக்குக்களை உயர்த்தி, ஒளியேற்கும் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும். வெயிலில் விரிந்த இலையிலோ அடுக்குக்கள் குறுகியவை. ஏற்ற ஒளியைப் பயன்படுத்தும் நொதியங்கள் மிகுதி. ஆகவே நிழலிலையின்மீது திடீரென உச்சிவெயில் விழின், அது ஏற்கும் ஒளி செலவிடத்தக்க அளவை மீறிவிடும். வாய்க்கால் கொள்ளாத நீர் வரம்பை உடைப்பதுபோன்றதே இது.

செடிக்குத் தற்காப்பு இல்லாமலில்லை. சில நிமிடங்களுள் இலையின் மஞ்சள் நிறப்பொருள்களுள் ஒன்று மாற்றமுற்று, மிகையொளி வெப்பமாக வெளியேற உதவும். அதனையும் மீறி, நீரைப் பிளக்கும் தொகுதியிலுள்ள டீ-1 என்னும் புரதம் சிதையும். வெயிலில் நிற்கும் எந்தச் செடியிலும் இச்சிதைவு நாள்தோறும் நிகழ்வதே. சிதைந்த தொகுதி அடுக்கைவிட்டு இணைப்புச் சவ்வுக்கு வந்து, புதுப் புரதம் பெற்று மீளும். திருத்தத்தினும் சிதைவு விரைவாகும்போதே இலை வெளிறுகின்றது. பிடுங்கி நட்ட நாற்றிலே வேர்கள் அறுந்திருத்தலால் நீர் போதாது இலைவாய்கள் மூடும், காபனீரொட்சைட்டு உட்புகாது, ஒளி செலவாகும் வழி மேலும் அடைபடும். நடுகைநாள் வெயில் கொடிதாவது இதனாலேயே.

சவ்வுகள் வெயிலுக்கேற்ப மாறுதற்குப் பல நாட்கள் வேண்டும். ஆதலால் நடுகைக்கு 7 முதல் 10 நாட்களின் முன்னரே பந்தலைக் குறைக்கத் தொடங்குதல் வேண்டும். முதலிற் காலை வெயிலும் மாலை வெயிலும் மட்டும் படவிடுக. பின்னர்க் கிடுகுகளை ஒன்றுவிட்டொன்றாய் அகற்றுக. கடைசி மூன்று நாட்கள் பந்தலே வேண்டா. நீரையும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நாற்று வாடும் அளவுக்கன்று. நடுகை மாலையிலே நடைபெறுதல் நன்று.

முன்னரே வெளிறிய நாற்றாயினும், குருத்துப் பச்சையாயிருப்பின் பிடுங்கி எறியவேண்டியதில்லை. காய்ந்த திட்டு மீண்டும் பச்சையாகாது. ஆயின் இனி விரியும் இலைகள் வெயிலுக்கேற்ற சவ்வமைப்புடனேயே வரும்.